தெக்க தெரியுற ஆல்ஃபா சென்டாரி: பக்கத்துல இருக்கறதுதான் அதோட ஜோடியா?

கடலோரவாசி:
எங்க ஊரு கீழக்கரை. மே மாசம் ராத்திரி பதினோரு மணி போல மொட்டை மாடிக்கு போனா நேர் தெக்க கடலுக்கு மேல பளிச்சுனு ரெண்டு நட்சத்திரம் தெரியுது, ஆப்ல ஆல்ஃபா சென்டாரி, பீட்டா சென்டாரின்னு காட்டுது. ஆல்ஃபா இரட்டை நட்சத்திரம்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு, அப்போ பீட்டா தான் அந்த இன்னொண்ணா? கையில 10x50 பைனாகுலர் (10 மடங்கு பெருசா காட்டும்) இருக்கு, போதுமா?

வானம்பார்த்தவன்:
இல்ல நண்பா, பீட்டாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆல்ஃபா 4.37 ஒளியாண்டு தூரத்துல இருக்கு, பீட்டா கிட்டத்தட்ட 390. நம்ம பார்வைக்கு ஒரே பக்கமா இருக்கறதால ஜோடி மாதிரி தெரியுது, அவ்ளோதான். ஆல்ஃபாவோட நிஜ ஜோடி அந்த ஒத்தை புள்ளிக்குள்ளயே இருக்கு. அந்த ரெண்டுக்கும் ஏ, பின்னு பேரு. ஏ நம்ம சூரியனை விட கொஞ்சம் பெருசு, பி கொஞ்சம் சின்னது, நிறமும் கொஞ்சம் ஆரஞ்சு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சுத்தி வர ஏறக்குறைய 80 வருஷம் ஆகும். கிட்ட வரும்போது சூரியன்லேர்ந்து சனி இருக்குற தூரத்தை விட கொஞ்சம்தான் அதிகம், விலகும்போது நெப்டியூனையும் தாண்டிடும்.

பைனாகுலர்ல பிரியாதுங்க. 70 மிமீ டெலஸ்கோப், 60 மடங்கு வச்சா நல்லாவே பிரியும். 2016 வாக்குல ரொம்ப ஒட்டி இருந்துச்சு, வெறும் 4 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600 பங்கா போட்டா ஒரு பங்கு தான் ஒரு ஆர்க்செகண்ட்), அதுக்கப்புறம் விலகிட்டே வருது, அதனால பார்க்க இது நல்ல காலம்.

புதுவை வாசி:
இதுல நம்ம ஊர் சமாச்சாரம் ஒண்ணு இருக்கு, பாதி பேருக்கு தெரியல. ஆல்ஃபா ஒண்ணு இல்ல ரெண்டுன்னு முதல்ல கண்டுபிடிச்சது பாண்டிச்சேரிலேர்ந்து தான்! ழான் ரிஷோனு ஒரு பிரெஞ்சு ஏசு சபை பாதிரியார், 1689 டிசம்பர்ல வால்நட்சத்திரம் ஒண்ணை டெலஸ்கோப்ல பார்த்துட்டு இருந்தப்போ பக்கத்துல இதையும் பார்த்து ரெண்டா இருக்குன்னு குறிச்சு வச்சார். பாரிஸ்ல இருந்தா அவரால பார்த்திருக்கவே முடியாது, அங்க அது அடிவானத்துக்கு மேல வர்றதே இல்ல. இதை பள்ளிக்கூட பாடத்துல கண்டிப்பா சேர்க்கணும், வடக்க டெல்லிலயே அடிவானத்தை தொட்டுட்டு இறங்கிடுற நட்சத்திரம் நமக்கு இவ்ளோ நல்லா தெரியுதுன்னு பசங்களுக்கு தெரிய வேணாமா?

கடலோரவாசி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், பாண்டிச்சேரி விஷயம் சுத்தமா தெரியாது. டெலஸ்கோப் கிடைச்சா எந்த நேரம் பார்க்கறது நல்லது?

வானம்பார்த்தவன்:
நேர் தெக்க உச்சிக்கு வர்றப்போ பாருங்க, மே நடுவுல ராத்திரி 11, ஜூன் நடுவுல 9 மணி வாக்குல. உங்க ஊர்ல அப்பக்கூட 20 டிகிரி உசரம் தான், கையை நீட்டி முஷ்டியை ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு வச்சா அந்த அளவு. இவ்ளோ தாழ்வா இருந்தா காத்துல பிம்பம் கொதிக்கிற மாதிரி ஆடும், பொறுமையா கண்ணை எடுக்காம பார்த்துட்டே இருங்க, ஒரு நொடி காத்து அடங்குறப்போ மஞ்சளா ரெண்டு புள்ளி தனித்தனியா நிக்கும். இந்த ரெண்டோட சேர்ந்த மூணாவது நட்சத்திரமா பிராக்ஸிமா இருக்கு, சூரியனுக்கு அடுத்து நமக்கு ரொம்ப கிட்ட இருக்கறது அதுதான், ஆனா அது ரொம்ப மங்கல், அதுக்கு பெரிய டெலஸ்கோப்பும் நட்சத்திர வரைபடமும் வேணும்.