மலையில் கேமரா வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: பணத்தை எதில் போடுவது?

கோத்தகிரியிலிருந்து:

கையில் இருப்பது பழைய கேனான் டி.எஸ்.எல்.ஆர்., அதனுடன் வந்த 18-55 லென்ஸ், பிறகு வாங்கிய 55-250. இந்த ஆண்டு ஒரு சிறு தொகை மிஞ்சியிருக்கிறது. கடைக்காரர் மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத புதுவகைக் கேமரா) வாங்கச் சொல்கிறார். கோவையில் இருக்கும் மைத்துனர் தூரத்தில் இருப்பதை எடுக்கும் 150-600 மி.மீ. லென்ஸ் வாங்கச் சொல்கிறார். வீட்டில் கூரைத் தகட்டை மாற்றச் சொல்கிறார்கள். காணொளிகளில் வரும் ஒப்பீடெல்லாம் சமவெளி வெயிலில் எடுத்தவை. நம் மழையிலும் மூடுபனியிலும் கேமராவோடு அலைந்தவர்கள், நேரில் கண்டதைச் சொன்னால் உதவியாக இருக்கும். நான் எடுப்பது பறவைகள், தோட்டத்துக்கு வரும் காட்டுமாடு, மழைக்கால மலை.

குன்னூரிலிருந்து:

தம்பி, புதிய கேமரா பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் அந்த 55-250-ஐக் கழற்றுங்கள். பின்பக்கமிருந்து கைபேசி டார்ச்சை அடித்து, முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் சிலந்தி நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகள், ஒரு புள்ளியிலிருந்து கிளைவிட்டுப் பரவியிருந்தால் அது பூஞ்சை. தூசி அப்படிக் கிளைக்காது.

என் சித்தப்பா வைத்திருந்த லென்ஸ் ஒன்றை அவர் காலத்துக்குப் பிறகு பீரோவிலிருந்து எடுத்தோம். அழகான தோல் உறை, உள்ளே வெல்வெட். திறந்தவுடன் வந்த வாடையே சொல்லிவிட்டது. தோலும் துணியும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு. கோவையில் பழுது பார்ப்பவர் ஒருவர் பிரித்துத் துடைத்தார். முன்கண்ணாடி தெளிந்துவிட்டது. நடுவில் இருந்த ஒன்றில் மட்டும், இழை ஓடிய தடம் அப்படியே பதிந்திருந்தது. பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்றுவிட்டால் துடைப்பதற்கு ஒன்றும் இருக்காது என்றார். வெயிலை நோக்கி எடுத்தால் படம் முழுவதும் ஒரு வெளிறல்.

நம் ஊர்ப் பக்கம் தென்மேற்கும் தொடும், வடகிழக்கும் கொட்டும். ஜூனில் தொடங்கும் ஈரம் டிசம்பர்வரை வீட்டை விட்டுப் போவதில்லை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை கிளம்பிவிடும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் லென்ஸ் பிழைக்கும். இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம், உள்ளே வைக்க ஒரு சின்ன ஈரப்பதமானி. மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல பில்டர் விலைகூட ஆகாது. லென்ஸ் எண்ணிக்கை கூடினால் மின்சார உலர்பெட்டி வாங்கலாம். மின்வெட்டு வந்தாலும் கதவைத் திறக்காதவரை உள்ளே சட்டென்று ஈரம் ஏறாது.

சிலிக்கா ஜெல் வாங்கும்போது ஆரஞ்சு நிறத்தைக் கேளுங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீல நிறத்தில் வருவது பெரும்பாலும் கோபால்ட் குளோரைடு கலந்தது, ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும். அது உடம்புக்கு ஆகாது, அடுக்களைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ஆரஞ்சு ஜெல்லை மின்சார ஓவனில் 120 டிகிரி அளவில் வறட்டினால் பழைய நிறம் திரும்பும், மறுபடி பயன்படுத்தலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வைத்தியம் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தவிட்டுத் தூள் ஜூம் வளையத்துக்குள் போனால் வேறு வியாதி.

கொடைக்கானலிலிருந்து:

குன்னூர் சார் சொன்னதற்கு மேல் பூஞ்சை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வியர்ப்பதைப் பற்றிச் சொல்கிறேன். மனிதருக்கு அல்ல, கேமராவுக்கு.

எங்கள் விடுதிக்கு வருகிறவர்களிடம் பார்ப்பது இது. விடியற்காலையில் குளிரில் நின்று படம் எடுத்துவிட்டு, ஹீட்டர் ஓடும் அறைக்குள் கேமராவைக் கழுத்தில் மாட்டியபடியே நுழைவார்கள். அரை நிமிடத்தில் முன்கண்ணாடி பால்போல் மூடிக்கொள்ளும். துடைப்பார்கள், மறுபடி மூடும். வெளியே தெரிகிற ஈரம் காய்ந்துவிடும். உள்ளே சென்சார் பக்கம் படிந்ததை யார் துடைப்பது? வெளியிலேயே கேமராவை ஜிப் வைத்த பாலித்தீன் உறைக்குள் போட்டு மூடிவிட்டு உள்ளே வாருங்கள். ஈரம் உறையின் மேல் படியும். கேமரா அறையின் சூட்டுக்கு வரும்வரை, ஒரு மணி நேரமாவது திறக்காதீர்கள். மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றி வைத்துக்கொண்டால் ஆவலை அடக்குவது எளிது. மலையிலிருந்து இறங்கும்போதும் இதே கதைதான். ஏசி காரிலிருந்து வத்தலக்குண்டில் டீ குடிக்க இறங்கி, கேமராவை வெளியே எடுத்துப் பாருங்கள், தெரியும்.

மூடுபனியில் எடுப்பவர்களுக்கு: கேமராவின் ஒளிமானி வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப்வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). ஆட்டோ போகஸ் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். அருகில் இருக்கும் மரத்தின் பட்டையில் போகஸ் வைத்து, அதைக் கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். புதிய கேமரா வாங்கினாலும் இதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கோக்கர்ஸ் வாக் தெரியும் அல்லவா, 1872-இல் போட்ட நடைபாதை. மாலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருந்து, பள்ளத்தாக்கில் மூடுபனி எழும்பினால், உங்கள் நிழலே அந்தப் பனியின்மேல் விழும். தலையைச் சுற்றி வானவில் வளையம் இருக்கும். எனக்கு அது ஒருமுறை வாய்த்தது. பக்கத்தில் 150-600 வைத்திருந்தவர் லென்ஸை மாற்றுவதற்குள் பனி நகர்ந்துவிட்டது. பள்ளிச் சிறுமி ஒருத்தி கைபேசியில் நன்றாக எடுத்தாள். அகலக் கோணம் தேவைப்படும் காட்சி அது. உங்கள் 18-55 போதும்.

இதே ஊரில்தான் சூரிய ஆய்வகம் 1904 முதல், வானம் விட்ட நாட்களிலெல்லாம் சூரியனைக் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்துச் சேர்த்தது. பிற்பகலில் மேகம் ஏறிவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். படம் எடுக்க வருகிறவர்கள் மட்டும் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு பத்து மணிக்கு மேல் கிளம்புகிறார்கள்.

மசினகுடியிலிருந்து:

பெரிய லென்ஸ் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தூக்குகிறேன்.

150-600 வகை லென்ஸ்கள் இரண்டு கிலோவைச் சுற்றி இருக்கும். சிக்மாவில் எடை குறைந்த வகை 1.93 கிலோ, நிக்கானின் 200-500 சுமார் 2.3 கிலோ. கேமராவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் புதர்க்காடு, வெளிச்சம் உண்டு, வண்டியில் உட்கார்ந்து எடுக்கிறோம், அதனால் சரிப்படும். நீங்கள் சோலைக்குள் எடுப்பதானால் வேறு கணக்கு. 600-இல் திறப்பு எஃப் 6.3, மரநிழலில் சீகாரப் பூங்குருவி உட்கார்ந்திருந்தால் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 6400 கேட்கும், படத்தில் புள்ளி தெறிக்கும். உங்கள் 55-250, உங்கள் கேமராவின் சிறிய சென்சாரில், 250-இல் பிலிம் காலத்து 400 மி.மீ. லென்ஸின் கோணத்தைத் தருகிறது, திறப்பு எஃப் 5.6. இன்னும் பத்தடி கிட்டே வரும்வரை அசையாமல் உட்கார்ந்தால் அது போதும். பூங்குருவி மனிதனைப் போலச் சீட்டியடித்துக்கொண்டு ஓடையோரக் கல்லுக்கு வந்துவிடும்; அது தன் இடத்தை விட்டு அதிகம் போகாது.

காருக்கு பீன்பேக் வாங்குங்கள். காலியாக எடுத்துச் சென்று, போகிற ஊரில் கொள்ளு வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். கண்ணாடியை முழுவதும் இறக்கி, கதவு விளிம்பில் வைத்து லென்ஸைப் படுக்க வைத்தால் டிரைபாடைவிட உறுதி. இன்ஜினை அணைக்க வேண்டும், இல்லையென்றால் நடுக்கம் படத்தில் தெரியும். மழையில் நனைய விடாதீர்கள்; நண்பர் ஒருவரின் பையில் கொள்ளு முளைவிட்டே இருந்தது.

ஆனால் இதைக் காட்டுச் சாலையில் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். முதுமலைக்குள் வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் தடை. மாயார் சாலையில் ஒரு மாலை, பெண் யானையும் குட்டியும் கடந்துகொண்டிருந்தன. முன்னால் போன காரிலிருந்து ஒருவர் இறங்கி டிரைபாடை விரிக்கத் தொடங்கினார். யானை குட்டியைக் காலுக்கு உள்பக்கம் தள்ளிவிட்டு, காதை விரித்து நின்றது. துதிக்கை நுனி மட்டும் அவர் பக்கம் நீண்டு மோப்பம் பிடித்தது. பின்னால் நின்ற ஜீப் ஓட்டுநர், "ஐயா, காலை விடுங்கள், கதவைப் பாருங்கள், ஏறுங்கள்!" என்று கத்தினார். அவர் டிரைபாடின் காலை மடக்கிக்கொண்டிருந்தார்! யானை இரண்டடி வைத்துவிட்டு, ஏனோ திரும்பிவிட்டது. வனத்துறைக்காரர்கள் அபராதம் போட்டபோது அவர் வாதம் செய்ததுதான் எனக்கு அதிக ஆச்சரியம்.

இந்துநகர், ஊட்டியிலிருந்து:

'இந்து' என்ற பெயரில் கருப்பு-வெள்ளை பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்த ஊர் எங்களுடையது. 1960-இல் தொடங்கிய நிறுவனம். ஒரு சுருளில் 36 படம் என்ற காலத்தில் கேமரா பிடித்தவன் நான். அதனால் பெரிய லென்ஸ்காரர்களைக் கண்டால் கொஞ்சம் சிரிப்பு வரும், மன்னிக்கவும்.

என் சிபாரிசு 50 மி.மீ. எஃப் 1.8. புதியதாகவே வாங்கலாம், மலிவு. எக்ஸ்டென்ஷன் டியூப் (மிகக் கிட்டத்தில் எடுக்க, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் குழாய்) ஒரு செட்டும் சேர்த்தால் டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா புல்வெளியில் உறைபனி எடுக்கலாம். டியூப் வாங்கும்போது மின்தொடர்புப் புள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் குழாயாக இருந்தால் கேனானில் அபெர்ச்சரை மாற்ற முடியாது. சூரியன் எழுமுன் போய் மண்டியிட வேண்டும். புல் நுனியில் ஊசி ஊசியாக நிற்கும் பனியை எதிர்வெளிச்சத்தில் பாருங்கள்; முதல் வெயில் பட்டதும் நுனி மழுங்கும், பிறகு ஒரே துளி. மூச்சை லென்ஸ் பக்கம் விடாதீர்கள். உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். குளிரில் தீர்ந்ததாகக் காட்டும் பேட்டரி, உடம்புச் சூட்டில் மறுபடி கொஞ்சம் உயிர்பெறும். அலுமினிய டிரைபாடை வெறுங்கையால் பிடிக்க முடியாது. சைக்கிள் கைப்பிடிக்குச் சுற்றும் டேப்பை மேல்காலில் சுற்றியிருக்கிறேன்.

வெலிங்டனிலிருந்து:

மலை ரயில் எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதையில், ஏறும்போது நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். காலை வண்டிக்காகக் காத்திருந்து, முன்னால் பெட்டிதான் வருகிறது என்று ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்ஜின் முன்னால் வரும் படம் வேண்டுமானால் இறங்கும் வண்டிக்கு நில்லுங்கள். தண்டவாளத்தில் இறங்காதீர்கள். 55-250 தாராளம்.

கட்டபெட்டிலிருந்து:

கோத்தகிரி அண்ணா, காட்டுமாட்டுக்கு நீங்கள் லென்ஸே வாங்க வேண்டாம், அதுவே வந்துவிடும். தேயிலைக்கு நடுவில் முதுகு மட்டும் தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது தலையைத் தூக்கும். எங்கள் வீட்டு வேலிக்கு வெளியே ஒரு பெரிய காளை நின்றது. மூக்கிலிருந்து ஆவி, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை, கழுத்தில் உண்ணி. ஜன்னலிலிருந்து 135-இல் எடுத்தேன். அப்போது சாலையில் சுற்றுலா வந்த இருவர் தற்படம் எடுக்க முதுகைக் காட்டிக்கொண்டு நெருங்கினார்கள். அது சீறியது, பஸ் பிரேக் காற்று விட்ட சத்தம். இருவரும் ஓடிய ஓட்டத்தில் ஒருவர் செருப்பு எங்கள் வாசலில் கிடந்தது. தலையைத் தாழ்த்தி உடம்பைப் பக்கவாட்டில் காட்டி நின்றால் அது எச்சரிக்கை; கேமராவை இறக்கிவிட்டு, முதுகு காட்டாமல் பின்வாங்க வேண்டும். ஜன்னலுக்குள் இருந்து எடுத்த படத்துக்கு மதிப்புக் குறைவு என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

கேட்காவிட்டாலும் இன்னொன்றையும் சொல்கிறேன். எங்கள் ஹட்டியில் (படகர் ஊர்) ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பா அன்று வெள்ளை உடுத்தி நிற்கும் பாட்டிகளைத் தூரத்திலிருந்து நீள லென்ஸால் திருட்டுத்தனமாக எடுக்கிறார்கள். கிட்டே வந்து, "பாட்டி, எடுக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இந்துநகர் ஐயாவின் 50 மி.மீ. அதற்குத்தான் சரி.

கோத்தகிரியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். 55-250 சுத்தம், 18-55-இன் ஓரத்தில் சந்தேகமாக ஒரு புள்ளி. டப்பாவும் ஜெல்லும் இன்றே. கேமரா மாற்றவில்லை, 150-600 வேண்டாம், மைத்துனரிடம் கடன் கேட்டு ஒரு வாரம் பயன்படுத்திக்கொள்கிறேன். 50 மி.மீ. வாங்கலாம் என்று நினைக்கிறேன். மழைக்காலப் படத்துக்குப் போலரைசர் பில்டர் உதவுமா?

குன்னூரிலிருந்து:

அந்தப் புள்ளி கிளைக்கிறதா என்று ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். அதுவரை 18-55-ஐத் தனி டப்பாவில் வையுங்கள்.

போலரைசர் கட்டாயம் வாங்குங்கள். நனைந்த இலையில் வானம் பளபளப்பதை அது எடுத்துவிடும், தேயிலையின் பச்சை வெளியே வரும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் என்பதால் டிரைபாடும் வேண்டும். லென்ஸ் ஹூடும் வாங்குங்கள். தூறலில் அதைவிட நல்ல குடை கிடையாது. விடுதிகளில் கொடுக்கும் குளியல் தொப்பியைக் கேமராவுக்கு மாட்டினால் மழை உறைச் செலவும் மிச்சம்.

கொடைக்கானலிலிருந்து:

உங்கள் இரண்டு லென்ஸுக்கும் பில்டர் அளவு 58 மி.மீ. தான் இருக்கும், மூடியின் உள்பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே போலரைசர் போதும். ஒரு சங்கடம்: 18-55 பழைய வகையாக இருந்தால் போகஸ் செய்யும்போது முன்பகுதி முழுவதும் சுழலும், போலரைசரும் சேர்ந்து திரும்பிவிடும். எனவே முதலில் போகஸ், பிறகு போலரைசரைத் திருப்புங்கள். லென்ஸில் எஸ்.டி.எம். (புதிய வகைப் போகஸ் மோட்டார்) என்று எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.