பழைய டிவி படத்துக்குள் வீடியோ: போஸ்டர் ஒட்டின மாதிரி தெரிகிறது, உதவுங்கள்

குன்னூர் மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா நீலகிரி மலை ரயிலில் பிரேக்ஸ்மேன் (பிரேக் போடும் ஊழியர்). இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அன்றைக்குப் போட்டுக் காட்ட ஒரு சின்ன வீடியோ செய்கிறேன். வீட்டு ஹாலில் பழைய டிவி பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. டிவி அணைந்திருக்கிறது. அதில் அப்பா வேலை செய்யும் காட்சி ஓட வேண்டும். கல்லாறிலிருந்து ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும், அப்பா முதல் பெட்டியின் முன்னால் கொடியோடு நிற்பார். ஹில்குரோவ் ஸ்டேஷனில் ரயில் நுழையும்போது போனில் எடுத்தது.

எடிட் செய்வது டாவின்சி ரிசால்வ் மென்பொருளில், இலவசப் பதிப்பு. அதன் ஃபியூஷன் பக்கத்தில் கார்னர் பொசிஷனர் (மூலைகளை இழுத்துப் பொருத்தும் கருவி) போட்டு நான்கு மூலையையும் டிவி மூலைகளில் வைத்துவிட்டேன். அப்பா ஒல்லியாகிவிட்டார். ஓரங்களில் கறுப்புக் கண்ணாடி எட்டிப் பார்க்கிறது. வெளிச்சமும் கண்ணைக் குத்துகிறது. அம்மா இப்போது இல்லை. படத்தை மறுபடி எடுக்க வழியில்லை.

ஊட்டி ஸ்டூடியோ:
ஓரத்தில் ஃபெதர் (விளிம்பை மங்கலாக்குவது) கூட்டிப் பாருங்கள், ஒட்டு மறைந்துவிடும்.

கோத்தகிரி எடிட்டர்:
ஃபெதர் ஒன்றிரண்டு பிக்சல் போதும். கூட்டினால் டிவி விளிம்பே கரைந்துவிடும்.

தங்கச்சி, அப்பா ஒல்லியானதற்குக் காரணம் அகல-உயர விகிதம். போன் வீடியோ 16:9, பழைய டிவி 4:3. 1920×1080 வீடியோவில் நடுவிலிருந்து 1440×1080 மட்டும் வெட்டி எடுத்து, அப்புறம் மூலைகளை இழுங்கள்.

பழைய பிக்சர் டியூப் டிவியின் கண்ணாடி வெளிப்பக்கம் புடைத்திருக்கும், ஓரமும் லேசாக வளைந்திருக்கும். நான்கு மூலைக்கு நடுவே நேர்கோடு போட்டால் இடைவெளி தெரியத்தான் செய்யும். மூலைகளைக் கண்ணாடிக்குச் சற்று வெளியே இழுத்துவிட்டு, பாலிகன் மாஸ்க்கால் (நாமே வரையும் வெட்டு எல்லை) கண்ணாடியின் வளைவை ஒட்டி வரையுங்கள். வெளியே போனதை மாஸ்க் வெட்டிவிடும்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அணைந்த கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் ஒரு பட்டையாக விழுந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அம்மாவின் தோளும் ஸ்வெட்டரும் மங்கலாகத் தெரிகின்றன. நீங்கள் வீடியோவால் அதை மூடிவிட்டீர்கள். அது போனதால்தான் போஸ்டர் மாதிரி தெரிகிறது. முதல் மெர்ஜில் (இரண்டு காட்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்க்கும் நோடு) படம் பின்னணி (மஞ்சள் முனை), வீடியோ மேலே (பச்சை முனை). இன்னொரு மெர்ஜ் சேர்த்து அதே படத்தை மறுபடி மேலே கொண்டு வந்து, அதே பாலிகனை மாஸ்க்காகக் கொடுத்து, அப்ளை மோடை (இரண்டும் கலக்கும் முறை) ஸ்க்ரீன் என்று மாற்றுங்கள். ஸ்க்ரீன் மோடில் கறுப்பு எதையும் மாற்றாது, வெளிச்சம் மட்டும் மேலே ஏறும். வீடியோவின் அடர்கறுப்பும் கொஞ்சம் வெளுத்து ஹாலோடு சேர்ந்துவிடும். பகலில் டிவியில் முழுக் கறுப்பு தெரியாது அல்லவா?

குன்னூர் மகள்:
அண்ணா, ஓரம் சரியாகிவிட்டது. ஆனால் ஜன்னல் பட்டை விழும் இடத்தில் அப்பாவின் முகம் வெளுத்துப்போகிறது.

கோத்தகிரி எடிட்டர்:
இரண்டாவது மெர்ஜில் பிளெண்டை (மேலே வரும் படத்தின் அளவு) 1-லிருந்து 0.6 வரை இறக்கிப் பாருங்கள். வீடியோவின் வெளிச்சத்தையும் கொஞ்சம் குறையுங்கள், ஆனால் ஹாலின் மஞ்சளுக்கு நிறத்தை மாற்ற வேண்டாம். டிவி தன் வெளிச்சத்தில் எரிகிற பொருள், சற்று நீலமாக இருந்தால்தான் டிவி.

ஊட்டி ஸ்டூடியோ:
ஃபெதர் விஷயத்தில் அவர் சொன்னதே சரி. இன்னொன்று: படத்தில் கிரெய்ன் எனும் பொடிப் புள்ளிகள் அசையாமல் நிற்கும், வீடியோவில் அசையும். கண் அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஃபிலிம் கிரெய்ன் நோடு ஒன்றை மிக லேசாகப் போடுங்கள், படமும் சேர்ந்து உயிரோடு இருக்கும்.

குன்னூர் மகள்:
பிளெண்ட் 0.55-இல் சரியாக உட்கார்ந்தது. கிரெய்னும் போட்டுவிட்டேன். ரயில் வளைந்து உள்ளே வரும்போது அப்பாவின் பச்சைக் கொடி, அம்மாவின் ஸ்வெட்டர் தோளுக்குள் போய் வெளியே வருகிறது. அதை மட்டும் பத்துப் பதினைந்து தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அண்ணா, ஊட்டி ஸ்டூடியோ, இருவருக்கும் ரொம்ப நன்றி.