வாய்க்கால் வழக்குத் தீர்ப்பு நகல் எடுத்தவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தென்கால்மடை:
முன்சீப் கோர்ட் டிக்ரி (தீர்ப்பின் முடிவை மட்டும் சொல்லும் ஆணை) நகல் வந்துவிட்டது. ஆறே வரி. "இணைப்பு வரைபடத்தில் ஏ பி சி டி எனக் குறித்த வாய்க்கால் வழியே வாதிகள் தண்ணீர் பாய்ச்சுவதைப் பிரதிவாதிகள் தடுக்கக் கூடாது." வரைபடத்தைத்தான் காணோம். நகல் மனுவில் "தீர்ப்பு, டிக்ரி" என்று மட்டும் எழுதினால் அது மட்டும்தான் வரும். இடத்தைப் பார்க்கக் கோர்ட் அனுப்பிய கமிஷனரின் அறிக்கையும் வரைபடமும் தனித்தனி ஆவணம், பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். திரும்ப மனு போட்டதற்கு, "அழிக்கப்பட்டது" என்று சிவப்பு மையில் எழுதி வந்தது. ஏ எந்த மடை, டி எந்தக் கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) என்று சர்வேயர் கேட்டால் காட்ட ஒரு காகிதமும் இல்லை.

கரைவழி:
கோர்ட் வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயர் போட்டுப் பார்த்துவிட்டு "வழக்கே இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். தேடும்போது "முடிந்தவை" என்பதையும் தேர்வு செய்ய வேண்டும், ஆண்டும் சரியாக இருக்க வேண்டும். ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக ஏற்றியிருப்பார்கள், முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போடுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் 16 இடமுள்ள சி.என்.ஆர். எண் கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம். பழைய வழக்குகள் பல தளத்தில் ஏறவே இல்லை. அதற்கு அந்தக் கோர்ட்டின் வழக்குப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

ஆயக்கட்டு:
தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் போச்சு, எதற்கு இத்தனை அலைச்சல்?

நீர்கட்டி:
ஆயக்கட்டு சொல்வது தவறு, யாரும் நம்பி நாளை வீணாக்க வேண்டாம். கோர்ட் நகலைக் கோர்ட் விதிப்படிதான் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் சொல்லிவிட்டது. வழக்கில் கட்சிக்காரர் அல்லாதவர், நகல் எதற்கு என்று பிரமாணப் பத்திரம் வைத்து மனு போட வேண்டும். "சொந்த உபயோகத்துக்கு" என்று எழுதினால் திரும்பி வரும். "சர்வே எண் இன்னதற்கு இதே வாய்க்காலில்தான் பாசனம்" என்று எழுதி, பட்டா நகலையும் வையுங்கள். தகவல் உரிமை மனு உதவுகிற இடம் வேறு: தாலுகா ஆபீசிலும் நீர்வளத் துறையிலும் உள்ள அ-பதிவேடு (சர்வே எண்வாரி நில விவரம்), புலப்படம் (நில அளவை வரைபடம்), மாமூல்நாமா (பாசன வழக்கப் பதிவு). எந்த மடை எப்போது திறப்பது, முறை யாருக்கு என்கிற வழக்கம் மாமூல்நாமாவில்தான் இருக்கும்.

நகல் கையில் வந்ததும் பார்க்க வேண்டியவை. முதலில் சர்வே எண். 1979-87 யு.டி.ஆர். நிலப் பதிவேடு மேம்பாட்டுக்கு முந்தைய டிக்ரி என்றால் எண்ணும் உட்பிரிவும் மாறியிருக்கலாம். பழைய எண்ணுக்குப் புது எண் காட்டும் பட்டியல் இல்லாமல் அந்த டிக்ரியை நீட்டினால், எதிர்த்தரப்பு வக்கீல் "இது வேறு நிலம்" என்பார். அடுத்து, வழக்கு சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 1 ரூல் 8-ன்படி ஊர் சார்பாகப் போட்டதா என்று பாருங்கள். அப்படியானால் அந்த வாய்க்காலில் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர் அனைவரையும் அது கட்டுப்படுத்தும். வெறும் நாலு பேர் வழக்கு என்றால் அந்த நாலு பேரையும், அவர்கள் வாரிசுகள், அவர்களிடம் நிலம் வாங்கியவர்கள் போன்றோரையும்தான். நிறையப் பேர் தோற்பது இங்கேதான். அடுத்தவர் நிலம் வழியே நெடுநாள் தண்ணீர் பாய்ச்சியதால் வரும் அனுபவ பாத்தியத்துக்கு (ஈஸ்மெண்ட்) 20 வருடம், அரசு நிலம் என்றால் 30 வருடம். தீர்ப்பில் எந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கரைவழி:
தென்கால்மடைக்கு ஒன்று. அப்பீல் போன வழக்கா? போயிருந்தால் கீழ்க்கோர்ட் ஆவணக் கட்டு மேலே போயிருக்கும். சப் கோர்ட்டில் ஏ.எஸ். (முதல் அப்பீல்) எண்ணையும், உயர் நீதிமன்றத்தில் எஸ்.ஏ. (இரண்டாம் அப்பீல்) எண்ணையும் தேடுங்கள். மதுரைக் கிளை 2004 ஜூலையில் வந்தது, தென்மாவட்ட வழக்கு என்றால் சென்னை, மதுரை இரண்டிலும் பார்க்க வேண்டும். டிக்ரியை நிறைவேற்ற ஈ.பி. மனு போட்டிருந்தால் அந்தக் கட்டிலும் வரைபட நகல் சேர்ந்திருக்கும்.

தென்கால்மடை:
ஏ.எஸ். இருக்கிறது. ஈ.பி.யும் உண்டு, எண் டிக்ரி நகலின் பின்பக்கம் பென்சிலில் இருக்கிறது. இரண்டுக்கும் நகல் மனு எழுதியாகிவிட்டது, இந்த முறை "கமிஷனர் வரைபடம்" என்று தனி வரியில்.