நாய்களோடு மொஹாவி பாலைவனத்தில் இரண்டு இரவுகள்

பாலைவனத்துக்குக் கிளம்பும்போது என் பையில் முதலில் ஏறுவது ஓர் இரும்புச் சீப்பு. நாயின் ரோமத்தைச் சீவுவதற்காக அல்ல. அது எதற்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நாய் வளர்க்கிறவர்கள், அதிலும் தெற்குக் கலிபோர்னியாவில் வளர்க்கிறவர்கள், பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற மார்ச் மாதம் எட்டுப் பேரும் ஐந்து நாய்களுமாகப் புறப்பட்டோம். என் மணி, காப்பகத்திலிருந்து எடுத்து வளர்த்த கலப்பினம், இருபத்திரண்டு கிலோ. மற்றவற்றில் ஒன்று ஹஸ்கி, ஒன்று வயதான லாப்ரடார், ஒன்று ஓயாமல் குரைக்கும் டெரியர். கடைசியாக லட்டு என்ற பக். எங்களை ஒருங்கிணைத்தவர் மதுரைக்கார அண்ணன் ஒருவர். ஓய்வு பெற்ற அமெரிக்க நர்ஸ் அம்மா ஒருவரும் எங்களோடு வந்தார். முப்பது ஆண்டுகளாக நாய்களோடு பாலைவனம் நடக்கிறவர்.

பலரும் முதலில் ஜாஷுவா ட்ரீ தேசியப் பூங்காவைத்தான் நினைப்பார்கள். நாங்களும் நினைத்தோம். ஆனால் அங்கே நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. சாலையோரம், கூடாரம் அடிக்கும் இடம் என்று நூறு அடிக்குள் கயிற்றோடு நிற்கலாம், அவ்வளவுதான். நடக்க ஆசைப்பட்டு வந்த ஜீவனைக் காரின் பக்கத்தில் கட்டிவைக்க மனம் வருமா? அதனால் இன்னும் வடக்கே, 15ஆம், 40ஆம் எண் நெடுஞ்சாலைகளுக்கு நடுவே கிடக்கும் மொஹாவி தேசியக் காப்பகத்தைத் தேர்ந்தெடுத்தோம். 1994இல் அறிவிக்கப்பட்டது, ஏறத்தாழ 16 லட்சம் ஏக்கர். அங்கே பாதைகளில் நாய் நடக்கலாம். கயிறு மட்டும் ஆறு அடிக்கு மேல் நீளக்கூடாது. உள்ளே பெட்ரோல் பங்க் ஒன்றுகூடக் கிடையாது. தண்ணீரையும் நாமேதான் சுமந்து போகவேண்டும்.

முதல் நாள் கெல்சோ மணல் மேடு. அடிவாரத்திலிருந்து சுமார் 650 அடி உயரம். விடியற்காலையில் ஏறத் தொடங்கியிருக்கவேண்டும். காரில் சாமான் ஏற்றுவதில் நேரம் போய், நாங்கள் மணலில் கால் வைத்தபோது ஒன்பதாகிவிட்டது. நான் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம். சித்திரை வெயிலில் தேரிமணலில் வெறுங்காலோடு ஓடி, பனைமர நிழலுக்கு நிழல் தாவியவன். மணல் எப்படிச் சுடும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் மார்ச் மாதக் காற்று குளுகுளுவென்று முகத்தில் அடித்தபோது அந்த நினைவே வரவில்லை. நமக்கு முகத்தில் படுவது காற்று. நாய்க்கு வயிற்றுக்கு அரை அடி கீழே மணல்.

முக்கால்வாசி ஏறியிருப்போம். லட்டு உட்கார்ந்துவிட்டது. அடம்பிடிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். நர்ஸ் அம்மா குனிந்து அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு செங்கல் நிறத்துக்குச் சிவந்திருந்தது. நாக்கு நுனியில் அகன்று, கரண்டி போல வளைந்து தொங்கியது. எச்சில் நூல்நூலாக இழுத்தது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளவேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியும் குறுகல்.

லட்டுவை வளர்க்கும் தம்பதி, "நீங்கள் உச்சிக்குப் போய் வாருங்கள், நாங்கள் இறங்கிவிடுகிறோம்" என்றார்கள். உச்சி அதோ கண்ணெதிரே தெரிந்தது. அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்தார்: "ஏறினால் எல்லோரும், இறங்கினால் எல்லோரும்."

அக்கா ஒருவர் கறுப்புக் குடை கொண்டுவந்திருந்தார். அதை விரித்து நிழல் பிடித்தோம். மேல் மணலைக் காலால் தள்ளிவிட்டு, கீழே இருந்த குளிர்ந்த மணலில் லட்டுவைக் கிடத்தி, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் விட்டு, தொப்பியால் விசிறினோம். இருபது நிமிடம் கழித்து மூச்சின் சத்தம் மாறியது. அண்ணன் தன் வேட்டியைத் தூளி போலக் கட்ட, இருவர் முனைகளைப் பிடித்து அதைக் கீழே கொண்டுவந்தார்கள். குழந்தையைத் தூளியில் தூக்கிப் போவதைப் போலவே இருந்தது. உள்ளே இருந்து இரண்டு கண்கள் மட்டும் எட்டிப் பார்த்தன.

இறங்கும்போது ஒன்று நடந்தது. செங்குத்தான சரிவில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கால் வைத்ததும் மணல் தகடாகச் சரிந்தது. கூடவே ஓர் ஓசை. தூரத்தில் விமானம் போவதைப் போன்ற ஆழமான ரீங்காரம், காதில் கேட்பதற்கு முன்பே பாதத்தில் உணர முடிந்தது. உலர்ந்த மணல் துகள்கள் சரிவில் ஒன்றோடொன்று உரசும்போது எழும் ஓசை அது. கெல்சோ மணல் அதற்குப் பேர் போனது. மணி வயிற்றைத் தரையோடு ஒட்டவைத்து, காதுகளைப் பின்னுக்கு மடித்து, மணலையே முறைத்துக்கொண்டு நின்றது. யாரோ மண்ணுக்குள் இருக்கிறார்கள் என்று அது முடிவு செய்துவிட்டதைப் போலிருந்தது. ஒரு முறை தோண்டியும் பார்த்தது.

இரவு தங்கியது ஹோல் இன் த வால் என்ற இடத்தில், 4,400 அடி உயரத்தில். சூரியன் மறைந்த அரைமணி நேரத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது ஒவ்வொருவரும் தத்தம் கதையைச் சொன்னார்கள்.

அண்ணன் கொயோட்டியைப் பற்றிச் சொன்னார், ஓநாய்க்கு உறவான அந்த ஊர்க் காட்டு விலங்கு அது. முந்தைய ஆண்டு இதே காப்பகத்தில், அதிகாலையில் ஒற்றைக் கொயோட்டி ஐம்பது கஜ தூரத்தில் நின்று அவருடைய லாப்ரடாரைப் பார்த்தது. ஓடவில்லை, சீறவில்லை, சும்மா நின்றது. லாப்ரடார் பாய்ந்த வேகத்தில் அவர் முழங்கால் தரையில் பட்டுத் தோல் உரிந்தது. கயிற்றை விடவில்லை. விடிந்த பிறகு பார்த்தால் புதர் மறைவில் நான்கைந்து தடங்கள். நம் நாய் ஒன்றைத்தான் துரத்தும், போய் விழுவதோ கூட்டத்தில்.

நர்ஸ் அம்மா சொன்னது பாம்புக் கதை. பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய நாய் புதரில் மூக்கை நுழைத்தது. மொஹாவி பச்சைக் கிலுகிலுப்பைப் பாம்பு மூக்கிலேயே போட்டுவிட்டது. வால் நுனியைக் கிலுகிலுவென்று ஆட்டி எச்சரிக்கும் இனம்தான், ஆனால் எல்லா நேரத்திலும் அது எச்சரிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அவர் கீறவில்லை, உறிஞ்சவில்லை, கட்டுப் போடவில்லை. நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு காருக்கு வந்து, இரண்டு மணி நேரம் ஓட்டி, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனையை அடைந்தார். பிழைத்துக்கொண்டது. "அந்த இரண்டு மணி நேரமும் நான் அதோடு பேசிக்கொண்டே இருந்தேன், என்ன பேசினேன் என்று இன்றுவரை நினைவில்லை" என்றார். நெருப்பில் ஒரு கட்டை முறிந்து விழும் வரை யாரும் எதுவும் பேசவில்லை. அப்போது இருட்டில் எங்கோ கொயோட்டிகள் ஊளையிடத் தொடங்கின. ஐந்து நாய்களும் ஒரே நேரத்தில் தலை தூக்கின. டெரியர்கூடக் குரைக்கவில்லை.

மணி என் உறக்கப் பைக்குள் தானாகவே தலையை நுழைத்தது. வீட்டில் கட்டிலில் ஏறாது, அவ்வளவு ஒழுக்கம். இங்கே நடுங்கிக்கொண்டு உள்ளே வந்து, ஈர மூக்கை என் கழுத்தில் வைத்துக்கொண்டது. அதன் விரல் இடுக்குகளில் கெல்சோ மணல் இன்னும் இருந்தது. கையால் தடவித் தடவி எடுத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாள் விடியலில் நடந்ததற்கு நான் மட்டுமே பொறுப்பு. காபி அடுப்பைப் பற்றவைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கயிற்றைக் கல்லில் மாட்டாமல் கீழே போட்டேன். அரை நிமிடம் இருக்கும். ஒரு முயல் குறுக்கே ஓடியது, மணி பின்னால் ஓடியது, பத்தாவது அடியில் வீறிட்டது.

அங்கே சோய்யா என்று ஒரு கள்ளி உண்டு. தானாகத் தாவி ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். தாவுவதில்லை. அதன் கணுக்கள் லேசாகப் பட்டாலே கழன்று வந்துவிடும், அதனால்தான் அப்படித் தோன்றுகிறது. முள்ளின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் பின்னோக்கி வளைந்திருக்கும். தூண்டில் முள்ளைப் போல, போகும் வழியில் போகும், திரும்பி வராது. எலுமிச்சை அளவு உருண்டை ஒன்று மணியின் முன்னங்கால் பாதத்தில் ஏறியிருந்தது. எந்த நாயும் செய்வதையே மணியும் செய்தது. வாயால் கடித்து இழுத்தது. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் உதட்டில், மேல் அண்ணத்தில், நாக்கில் எல்லாம் முள். நானும் பதறி வெறுங்கையால் பிடித்தேன், உருண்டை என் உள்ளங்கைக்கு மாறியது.

நர்ஸ் அம்மா அவசரப்படவே இல்லை. "அதன் தலையை அசையாமல் பிடி, மகனே, வேறெதுவும் செய்யாதே" என்றார். பையிலிருந்து சீப்பை எடுத்தார். தோலுக்கும் முள்ளுருண்டைக்கும் இடையில் சீப்பின் பற்களை நுழைத்து, உடம்புக்கு எதிர்ப்புறமாக ஒரே வீச்சு. உருண்டை தூரத்தில் போய் விழுந்தது. என் கைக்கும் அதே வைத்தியம். மிச்சம் இருந்த தனித்தனி முட்களைச் சின்னக் குறடால், தோல் அருகில் பிடித்து, முள் நுழைந்த கோட்டிலேயே நேராக வெளியே இழுத்தார். ஒவ்வொரு முள்ளுக்கும் தோல் கூடாரம் போல எழும்பி, பிறகு சட்டென்று விடும். மணியின் தலை என் முழங்கால்களுக்கு இடையில் இருந்தது. அது என்னைக் கடித்திருக்கலாம், கடிக்கவில்லை. கண்ணை மட்டும் என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. முப்பத்தொரு முள் எண்ணினேன். அண்ணத்தில் ஆழமாகப் போன ஒன்றை மட்டும் அவர் தொடவில்லை. ஊர் திரும்பியதும் கால்நடை மருத்துவர் மயக்கம் கொடுத்து எடுத்தார்.

அன்று மற்றவர்கள் ரிங்ஸ் பாதையில் போனார்கள். 1 கோடியே 85 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பல் இறுகிய பாறை அது, சல்லடை போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். குறுகிய பிளவில் இரும்பு வளையங்களைப் பிடித்து ஏறவேண்டும், நாயால் முடியாது. ஆகவே பாதிப் பேர் ஏற, பாதிப் பேர் நாய்களோடு காத்திருந்து மாறிக்கொண்டார்கள். நான் என் முறையை எடுத்துக்கொள்ளவில்லை. நிழலில் மணியோடு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் நாள் காலை, தாழ்வான சமவெளியில் சாலையோரம் வண்டிகளை நிறுத்தி நாய்களுக்குத் தண்ணீர் காட்டினோம். இரண்டு நாளில் மணி மட்டும் ஐந்து லிட்டருக்கு மேல் குடித்திருக்கும். நான் அதற்கென்று கொண்டுபோனது நான்கு லிட்டர், மிச்சம் அண்ணனின் கேனிலிருந்து வந்தது. கிளம்பும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவேண்டும் என்று நர்ஸ் அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அக்கா குனிந்தார், அப்படியே கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

முன்சக்கரத்தை ஒட்டி, நிழலில், ஒரு பாலைவன ஆமை. சோற்றுத் தட்டு அளவு இருக்கும். ஓட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் வளையம் வளையமாகக் கோடுகள், யானைக்கால் போல முன்னங்கால். 1990 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் உயிர், தொடக்கூடாது. தொட்டால் பயத்தில் சிறுநீர் கழித்துவிடும். அதன் உடம்பில் மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் தண்ணீரே அதுதான், கோடையில் அது இல்லாமல் செத்தே போகலாம்.

நாய்களை எதிர்ப்பக்கம் கொண்டுபோய், கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். அக்கா குடையை விரித்து லட்டுவுக்குப் பிடித்தார். ஐம்பது நிமிடம். எட்டுப் பேருக்கும் வீட்டில் வேலை இருந்தது, ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆமை ஒரு கால் எடுத்து வைத்தது, நின்றது, இன்னொரு கால். வெயிலுக்கு வந்தது. மணி கட்டுப் போட்ட காலைத் தூக்கியபடி, சத்தமே இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆமை புதருக்குள் போய் மறைந்த பிறகு அக்கா இன்னொரு முறை குனிந்து பார்த்துவிட்டு, "வண்டியை எடுக்கலாம்" என்றார்.