முதல் காட்டுப்பன்னி வேட்டை, எந்த ரைபிள்ணே?

உசிலம்பட்டிக்காரன்:
அண்ணே, மச்சான் டெக்சாஸ்ல எச்1பி விசால இருக்கான், ஃப்ரெண்டு பண்ணைல பன்னி வேட்டைக்கு கூப்புடுறாங்களாம். எந்த ரைபிள்னு என்னையக் கேக்குறான், எனக்கு பன்னி கெளறிப்போட்ட கடலைக்காடுதான் தெரியும்.

மேலூர் ஆளு:
308 வின்செஸ்டர்னு ஒரு குண்டு சைசு, அதுல போல்ட் ஆக்‌ஷன், அதான் ஒவ்வொரு குண்டுக்கும் கையால போல்ட்ட இழுத்து விடுற ரைபிள், கண்ண மூடிட்டு எடுக்கச் சொல்லுங்க. 223லயும் அடிக்கிறாங்க ஆனா குண்டு சின்னது, பெரிய ஆம்பளப் பன்னிக்கு தோள்ல தோலு கேடயம் மாதிரி தடிச்சிருக்கும், குறி கொஞ்சம் தப்புனாலும் பொதருக்குள்ள ஓடி துடிச்சு சாகும், அந்தப் பாவம் வேணாம்ணே. சுடும்போது துப்பாக்கி நம்ம தோள்ல இடிக்கும்னா, இடி கம்மியான 243 சைசு எடுக்கட்டும். பன்னிக்கு நெஞ்சு முன்னங்காலுக்கு நேரா, ஒடம்புல கீழ்ப்பக்கமா இருக்கும், பின்னாடி தள்ளி சுட்டா வயிறுதான்.

வாடிப்பட்டி தம்பி:
துப்பாக்கிக்கு முன்னாடி லைசென்ஸப் பாருங்க. 2019ல இருந்து அங்க தனியார் நெலத்துல ஓனர் சரின்னா பன்னிக்கு லைசென்ஸ் வேணாம், ஆனா எச்1பி காரன் ஹண்டிங் லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா ஃபெடரல் கேசு, விசாவே போயிரும்.

உசிலம்பட்டிக்காரன்:
நல்லவேளை சொன்னீங்க, இப்பவே போன் போடுறேன். நம்ம கடலைக்கு என்னணே வழி?

மேலூர் ஆளு:
இங்கிட்டு நாமளா சுடக்கூடாது, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு. அவுட்டுக்காய்னு தீனிக்குள்ள வைக்கிற நாட்டு வெடி, கரண்டு வேலி பக்கமே போயிராதீங்க, ஆள் உசுரு போயிரும். சேதத்த போட்டோ எடுத்து ரேஞ்சர் ஆபீஸ்ல மனு குடுங்க.