மறுமொழி: கதைப்பாத்திரத்தின் இனம் மாறினால் அதற்கு என்ன சொல்?

> கோலாலம்பூர் அன்பர் எழுதியது:
> 'ரேஸ்பெண்டிங்' (கதைமாந்தரின் இனத்தை மாற்றிவிடுவது) என்பதற்கு 'இனவளைப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா? சொல்லுக்குச் சொல் சரியாக அமைகிறது.

ஐயா, வணக்கம்.

சொல்லுக்குச் சொல் அமைவதுதான் இங்கே சிக்கல். 'பெண்டிங்' என்ற அந்த வளைப்பு ஒரு கார்ட்டூன் தொடரின் சொத்து. நீர், நிலம், நெருப்பு, காற்று நான்கையும் மனிதர்கள் ஆட்டிவைக்கும் வித்தைக்கு 'ஏர்பெண்டர்' தொடரில் இட்ட பெயர் அது. ஆசியச் சாயலோடு வரையப்பட்ட அந்தக் கதையின் நாயகர்களுக்கு, 2010இல் வந்த திரைப்படத்தில் வெள்ளை நடிகர்களைப் போட்டார்கள். எதிரணி இளவரசன் வேடம் இந்திய வம்சாவளி நடிகர் தேவ் பட்டேலுக்குப் போனது. படம் வருவதற்கு முன்பே, 2009இல், எதிர்ப்புத் தெரிவித்த ரசிகர்கள் தொடரின் சொல்லையே திருப்பி ஏவிவிட்டார்கள். தொடரைப் பார்க்காத தமிழ் வாசகருக்கு அந்தக் குத்தல் போய்ச் சேராது. ஈழத்து அன்பர்கள் காதிலோ 'வளைப்பு' என்றால் இராணுவச் சுற்றிவளைப்புதான் விழும். முன்னால் 'இன' என்றும் ஒட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். இதை இத்துடன் விட்டுவிடுவோம்.

ஈப்போ அன்பர் சொன்ன 'இனமாற்றம்' பலருக்குப் பிடித்திருக்கிறது. இலக்கணத்தில் குறை காண முடியாது. ஆனால் 'மதமாற்றம்' நம் மலேசிய நாளிதழ்களில், அதிலும் நீதிமன்றச் செய்திகளில், எவ்வளவு சூட்டோடு வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதன் தங்கையாக 'இனமாற்றம்' வந்து நின்றால், யாரோ பிறப்புச் சான்றிதழில் 'கெத்துருனான்' (வம்சாவளி) கட்டத்தைத் திருத்திக்கொண்டார் என்றே வாசகர் முதலில் நினைப்பார். 'மரபுமாற்றம்' இன்னும் மோசம். மரபணு மாற்றிய சோளம்தான் கண்முன் வரும்.

என் பெரிய மறுப்பு வேறு. இரண்டு வெவ்வேறு வேலைகளை இந்த ஒற்றைச் சொல்லுக்குள் திணிக்கிறோம்.

முதல் வேலை கதையை எழுதுகிறவருடையது. மாந்தரையே வேறு இனத்தவராக்கி, பெயர், ஊர், உடை, உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார். இது நமக்குப் பழகிய தொழில். லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்ற ஆங்கிலக் கதைப்பாட்டைத் தழுவி 1891இல் சுந்தரம் பிள்ளை 'மனோன்மணீயம்' எழுதியபோது கதை பாண்டிய நாட்டுக்கு வந்துவிட்டது. மூலம் தெரியாமலே அதைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்! பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கினார். வெனிஸ் வணிகன் அவரிடம் வாணீபுர வணிகனாக வந்தான். எங்கள் பினாங்கும் சளைத்ததில்லை. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து 1880களில் இங்கே பிறந்த பங்சாவான் மேடை, இந்தியக் கதை, அரபுக் கதை, சீனக் கதை, ஷேக்ஸ்பியர் என்று எது கிடைத்தாலும் மலாய் பேச வைத்தது. கிளந்தான் தோற்பாவைக் கூத்தில் நம் இராவணன் மகாராஜா வானாவாக ஆட்சி செய்கிறான். இவற்றைத் திருட்டு என்றோ துரோகம் என்றோ எவரும் சொன்னதில்லை, தழுவல் என்றார்கள்.

இரண்டாவது வேலை நடிகரைத் தேர்ந்தெடுப்பவருடையது. மாந்தர் அப்படியே இருப்பார்; வேறு இனத்து நடிகர் அவராக வருவார். 1937இல் வந்த 'தி குட் எர்த்' படத்தில் சீன விவசாயியின் மனைவி ஓ-லான் சீனத்தியாகவே இருந்தாள். நடித்தவர் ஜெர்மானியரான லூயிஸ் ரெய்னர். ஆஸ்கார் விருதும் பெற்றார். அமெரிக்காவிலேயே பிறந்த சீன நடிகை அன்னா மே வோங்குக்கு அந்த வேடம் கிடைக்கவில்லை. கணவனாக நடித்தவர் வெள்ளையர். வெள்ளையரும் கறுப்பரும் திரையில் இணை சேரக்கூடாது என்ற அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதியை, நடைமுறையில் ஆசியருக்கும் நீட்டிவிட்டார்கள். இரண்டு வெள்ளையர்கள் சீன வேடத்தில் கணவன் மனைவியாக வாழ்வதற்கு மட்டும் விதி இடம் கொடுத்தது! மனோன்மணீயத்தையும் இதையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: எழுத்தில் நடப்பது 'வேற்றினத் தழுவல்', மேடையிலும் திரையிலும் நடப்பது 'வேற்றின வேடம்'. தழுவல், வேடம் இரண்டும் நாடகக்காரர்கள் நூறு ஆண்டுகளாகப் புழங்கும் சொற்கள். புதிதாக யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை.

'இனம்' என்பது தெளிவில்லாத சொல் என்று சிங்கப்பூர் அன்பர் குறைப்பட்டிருந்தார். அந்தத் தெளிவின்மை நமக்கு வேண்டும் என்பேன். தாய்லாந்து அனுமதி மறுத்ததால் 'அன்னா அண்ட் த கிங்' படத்தை மலேசியாவில் எடுத்தார்கள். பினாங்கிலும் காட்சிகள் உண்டு. சயாம் மன்னராக நடித்தவர் ஹாங்காங்கின் சோவ் யுன் ஃபாட். ஹாலிவுட்டுக்கு இருவரும் ஆசியர், தாய்லாந்துக்காரருக்கு அப்படியா? 2015இல் ஒளிபரப்பான 'இந்தியன் சம்மர்ஸ்' தொடருக்கு எங்கள் பினாங்குக் குன்றுதான் சிம்லா. கூட்டக் காட்சிகளில் நின்ற உள்ளூர் இந்தியரை இலண்டன்காரர் இமயமலை மக்களாகவே பார்த்திருப்பார். மலேசிய அரசாங்கப் படிவத்திலும் தமிழரும் பஞ்சாபியரும் 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்தில்தான் அடங்குகிறார்கள். வீட்டில் பெண் பார்க்கும்போது அந்தக் கட்டம் செல்லுபடியாகாது. யார் எண்ணுகிறார் என்பதைப் பொறுத்து விரிந்து சுருங்கும் சொல் 'இனம்'. இந்த விவகாரத்துக்கு அதுதான் சரி.

வெள்ளையரல்லாத மாந்தருக்கு வெள்ளை நடிகரைப் போடும் 'வொயிட்வாஷிங்' பற்றி ஒரு வரி. 'வெள்ளையடித்தல்' வேண்டாம், அது தீபாவளிக்கு முன் சுவருக்குச் செய்வது. 'வெள்ளையாக்கம்' போதும். ஆனால் வடக்கிலிருந்து வரும் சிவந்த நடிகைக்குக் கறுப்பு பூசித் தமிழ்க் கிராமத்துப் பெண்ணாக நிறுத்துவதற்கு அது பொருந்தாது. அதற்குக் 'கறுப்பரிதாரம்' என்று தனியே வைக்கலாம். 2017 நோன்புப் பெருநாளுக்கு இங்கே வந்த ஒரு கடை விளம்பரமும் அந்தத் தலைப்பில்தான் வரும். கரிய சருமத்தோடு பிறக்கும்படி சபிக்கப்பட்ட மலாய்க் கதை இளவரசியைக் காட்ட, நடிகையின் முகத்தில் கறுப்பு பூசியிருந்தார்கள். கண்டனம் வந்தவுடன் மன்னிப்புக் கேட்டு விலக்கிக்கொண்டார்கள்.

அன்புடன்,
ஜார்ஜ்டவுனிலிருந்து

---

> ஜார்ஜ்டவுன் அன்பர் எழுதியது:
> மேடையிலும் திரையிலும் நடப்பது 'வேற்றின வேடம்'.

வணக்கம் அண்ணா.

தழுவல் பற்றிய பகுதியை முழுமனதோடு ஏற்கிறேன். வேடத்தில்தான் எனக்குத் தகராறு.

புக்கிட் மெர்த்தாஜாமில் நாங்கள் கோவலன் கதையை மேடையேற்றப் பயிற்சி எடுத்துவருகிறோம். கோவலன் ஒரு சீனப் பையன். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். 'யாழிடைப் பிறவா இசையே என்கோ' என்று அவன் சொல்லும்போது ழகரம் சுத்தமாக விழுகிறது. பாண்டியனாக நடிக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான் 'யாலிடை' என்கிறான். நிகழ்ச்சிக் கையேட்டில் சீனப் பையன் பெயருக்குப் பக்கத்தில் 'வேற்றின வேடம்' என்று நான் அச்சிட்டால் அவன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? 'வேற்று' என்றால் வேற்றார், வேற்றூர், வேற்றாள். வாசலில் நிறுத்திவைக்கும் சொல் அது. 'வேடம் போடுகிறான்' என்பதற்கும் தமிழில் நல்ல பொருள் கிடையாது.

இன்னொன்று. அமெரிக்காவை உருவாக்கிய வெள்ளைத் தலைவர்களாகக் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் நடித்த 'ஹாமில்டன்' இசை நாடகம் 2015இல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு வந்தது. 1930இல் கறுப்பின நடிகர் பால் ரோப்சன் இலண்டனில் ஷேக்ஸ்பியரின் கறுப்பு நாயகன் ஒத்தெல்லோவாக நடித்தார். 1965இல் அதே ஒத்தெல்லோவைத் திரையில் வெள்ளையரான லாரன்ஸ் ஒலிவியர் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு நடித்தார். ரோப்சனுக்கு அரிதாரம் தேவைப்படவில்லை. ஹாமில்டன் நடிகர்களும் வெள்ளை பூசிக்கொள்ளவில்லை. தங்கள் முகத்தோடுதான் வந்தார்கள். ஒலிவியருக்கும் அவர்களுக்கும் ஒரே பெயரா?

---

தங்கச்சி, ஒலிவியரைக் கொண்டுவந்து நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. எல்லைக்கோட்டை அரிதாரத்தில் போடுவோம். நடிகர் தம் முகத்தை மறைத்து இன்னொரு இனத்தவராகத் தோன்ற முயன்றால் அது வேற்றின வேடம். அங்கே 'வேடம்' என்பதிலுள்ள கசப்பு இருக்கட்டும், அந்தக் கசப்புக்குக் காரணம் உண்டு. தம் முகத்தோடு வந்தால் அது 'இனம் பாராத் தேர்வு'. முகம் பாராமல் நீதி சொல்வது என்கிறோமே, அந்தப் 'பாராமை'தான். 'கலர்பிளைண்ட்' என்ற ஆங்கிலத்தைப் பார்த்து 'நிறக்குருட்டுத் தேர்வு' என்று சிலர் எழுதுவது கண் மருத்துவரிடம் கொண்டுபோய் விடும்.

ஹாமில்டன் மட்டும் இதிலும் சரியாக உட்காராது. அங்கே இனத்தைப் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். யார் வரவேண்டும் என்று எண்ணிப் பார்த்தே செய்தார்கள். 'இனமறிந்த தேர்வு' என்று ஒன்று வேண்டியிருக்கும் போலிருக்கிறது. ஈப்போ அன்பரின் கருத்தைக் கேட்டுச் சேர்ப்போம்.

உங்கள் கோவலனுக்குக் கையேட்டில் எதுவும் வேண்டாம். 'கோவலன்' என்று போட்டுப் பக்கத்தில் அவன் பெயரைப் போடுங்கள்.