ஆஸ்திரேலியாவில் கார்ப்பென்டரி சர்ட் 3 படித்தவர்கள் வாங்க: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

வெரிபி வாசி:
மாணவர் விசாவில் வந்து மெல்பனில் சர்ட் 3, அதாவது தச்சு வேலைக்கான சர்டிபிகேட் 3 படித்து முடித்தவன் நான். கோர்ஸ் எப்படி, ஃபீஸ் எவ்வளவு என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதத்தான் வந்தேன், ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பவர் டூல்ஸ் அசெஸ்மென்ட், அதாவது மின் கருவிகளைப் பயன்படுத்தத் தெரியுமா என்று பார்க்கும் தேர்வு. காலேஜ் பெயர் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒரு சர்க்குலர் சா (மின்சார வட்ட ரம்பம்), ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு காது மூடி. முதல் ஆள் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ரம்பத்தைப் பலகை மேல் வைத்துப் பிடிக்க வேண்டும், ட்ரெய்னர் போனில் ஒரு போட்டோ எடுப்பார், உடனே கழற்றி அடுத்த ஆளிடம் கொடுக்க வேண்டும். ஒயர் சுருட்டியபடியே தரையில் கிடந்தது, ப்ளக்கே போடவில்லை. அத்தனை பேருக்கும் அதே பலகை, அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

எங்கள் பேட்சில் லூதியானாவிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவர், ஊரில் கதவு ஜன்னல் செய்துகொண்டிருந்தவர். அவர் முறை வந்ததும் கண்ணாடியை மாட்டினார், ரம்பத்தை வாங்கினார், நேராகப் போய் ப்ளக்கைச் சொருகினார். பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, மூலைமட்டம் வைத்துப் பலகையில் கோடு போட்டார். "வெட்டுகிறேன், வெட்டும்போது எடுங்கள்" என்றார். ட்ரெய்னர் நேரமில்லை என்று சொல்ல, "அப்படியென்றால் காத்திருக்கிறேன்" என்று பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடவில்லை, வாக்குவாதமும் பண்ணவில்லை. கடைசியில் வெட்டினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அதற்குள் நாங்கள் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டோம்.

2024 கடைசியிலிருந்து, தொழிற்கல்வியைக் கண்காணிக்கும் ஆஸ்க்வா ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை ரத்து செய்தது இல்லையா, அந்தச் செய்தி வரும்போதெல்லாம் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம் வருகிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

வவுனியா பிள்ளை:
எனக்குப் பிளேஸ்மென்ட்டில், படிப்புக்காக சைட்டில் வேலை பழகும்போது, நடந்தது. சிட்னிக்கு மேற்கே ஒரு புது வீடு, சுவர்ச் சட்டங்கள் எல்லாம் நிறுத்தியாயிற்று, அன்றைக்கு நாகின், அதாவது ஸ்டட் என்கிற நிற்கும் கட்டைகளுக்கு நடுவே குறுக்குக் கட்டை, அடிக்கும் வேலை. என்னோடு ஒரு அப்ரெண்டிஸ் பெடியன், மீசைகூட இன்னும் சரியாக முளைக்கவில்லை, பள்ளிக்கூடத்தை விட்டு நேரே வேலைக்கு வந்தவன். நான் வெட்டிக் கொடுக்க அவன் நெய்ல் கன் என்கிற ஆணி அடிக்கும் கருவியால் அடித்துக்கொண்டு போகிறான். ஸ்டட் மையத்துக்கு மையம் 450 மில்லிமீட்டர் இடைவெளியில் நின்றால், அதன் தடிமன் போக நடுவில் 405 என்று கணக்கு, ஆனால் ஸ்டட் வளைந்திருக்கும், அதனால் உயரத்தில் அளக்காதே, கீழே ப்ளேட் என்கிற படுக்கைக் கட்டையோடு வைத்து அளந்து வெட்டு, அடிக்கும்போது ஸ்டட் தானாக நேராகிவிடும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே அவன்தான்.

இடையில் சும்மா கேட்டான், உனக்கு மணிக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று. சம்பளம் இல்லை, விசாவுக்கான ஸ்கில்ஸ் அசெஸ்மென்ட்டுக்கு (தொழில் திறன் மதிப்பீடு) 360 மணி நேரம் காட்ட வேண்டும் என்பதற்காக வருகிறேன், படிப்புக்கு நான்தான் காசு கட்டுகிறேன் என்றேன். அவன் கன்னைக் கீழே இறக்கிவிட்டான். "காசு கொடுத்தா இதைச் செய்கிறாய்?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றான். எனக்குக் கிடைக்கப்போகும் அதே சர்ட் 3தான் அவனுக்கும். அவனுக்கு அது சம்பளத்தோடு வருடக்கணக்காக சைட்டில் பழகிக் கிடைக்கும், எங்களைப் போன்ற விசாக்காரருக்கு அப்ரெண்டிஸ் ஒப்பந்தம் அநேகமாகக் கிடைப்பதில்லை. அதற்குப் பிறகு அன்று முழுக்க கன்னை என் கையில் தந்துவிட்டு அவன் மரம் வெட்டினான். பரிதாபப்பட்டுச் செய்தானா, மரியாதையில் செய்தானா, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பிரிஸ்பேன்காரன்:
வெரிபி வாசி சொல்வதை என்னால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியாது. போட்டோவுக்கு நின்றதில் என்ன தப்பு? ஆதாரம் இல்லாமல் இந்த நாட்டில் எதுவும் நடக்காது. அந்தப் பெரியவருக்கு வேலை தெரியும் என்பதற்காக காலேஜ் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஒர்க்ப்ளேஸ் அசெஸ்மென்ட்டுக்கு வந்தவர் நான் நின்ற இடத்துக்கு மேலே இருந்த லிண்டலைக் கையால் தட்டி, "இதை ஏன் இந்த அளவில் போட்டிருக்கிறாய்?" என்றார். மரச் சட்ட வீடுகளுக்கான ஏஎஸ் 1684 தரநிலையில் ஸ்பான் டேபிளை, எவ்வளவு நீளத்துக்கு எந்த அளவு மரம் என்ற அட்டவணையை, எப்படிப் பார்த்தேன் என்று சொன்னேன். தலையாட்டினார். "எப்படி" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், "ஏன்" என்று என்னைக் கேட்டது அவர் ஒருத்தர்தான்.

சரி, இனி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் கோர்ஸ் க்ரைகோஸில் (வெளிநாட்டு மாணவர் படிப்புகளுக்கான அரசுப் பதிவேடு) எத்தனை வாரத்துக்குப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 92 வாரத்துக்குக் குறைந்தால், படிப்பு முடித்தபின் வேலை பார்க்கத் தரும் 485 விசாவுக்குத் தேவையான இரண்டு வருடப் படிப்புக் கணக்கில் இடிக்கும். 2024 ஜூலையிலிருந்து அந்த விசாவுக்கு நம் தொழிற்கல்விப் பிரிவில் வயது வரம்பு 35, முப்பதைத் தாண்டி வருகிறவர்கள் இதை ஏஜென்ட் வாயால் கேட்காமல் உள்துறை இணையதளத்திலேயே பாருங்கள். மாணவர் விசாக் கட்டணமும் 710 டாலராக இருந்தது 1600 ஆகி, 2025 ஜூலையில் 2000 ஆகிவிட்டது. வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, மேஸ்திரி கெஞ்சினாலும் செய்யாதீர்கள். தொழில் திறனை மதிப்பிடும் அரசு அமைப்பான டிஆர்ஏவின் ஜாப் ரெடி திட்டத்தில் முதலில் 360 மணி நேரம், பிறகு குறைந்தது 12 மாதத்தில் 1725 மணி நேரம் சம்பள வேலை. கையில் ரொக்கமாக வாங்கினால் காட்ட ஒன்றும் இருக்காது. பே ஸ்லிப், சூப்பர் (ஓய்வூதியச் சேமிப்பு), பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். தினமும் என்ன வேலை, எந்த சைட் என்று நோட்டில் எழுதி வையுங்கள். வொயிட் கார்டை (கட்டுமான சைட்டுக்கான பாதுகாப்புப் பயிற்சி அட்டை) இரண்டு பக்கமும் நகல் எடுத்து வையுங்கள். டூல் செட் என்று கடையில் மொத்தமாக விற்பதை வாங்காதீர்கள். நல்ல சுத்தியல், டேப், ஸ்பீட் ஸ்கொயர் (முக்கோண மூலைமட்டம்), இரண்டு உளி, ஒரு சாக் லைன் (கோடு அடிக்கும் சுண்ணத்தூள் நூல்), ஆரம்பத்துக்கு இது போதும்.

கும்பகோணம் பட்டறை:
பிரிஸ்பேன்காரரே, விசாக் கணக்கை இங்கே யாரும் கேட்கவில்லை. போட்டோவில் தப்பு இருக்கிறது. ஓடாத ரம்பத்துக்கு "தகுதி பெற்றவர்" என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளை நம்பி அவனைக் கூரை மேல் ஏற்றுகிறார்கள். ஓடும் ரம்பம் மரத்தில் மாட்டி எகிறும்போது எப்படிப் பிடிப்பது, எங்கே நிற்பது என்று அவன் உடம்புக்குத் தெரியாது. பாதிக்கப்படப்போவது அவன் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிறவனும்தான். அந்த லூதியானாக்காரர் செய்ததுதான் சரி, நேரமெல்லாம் காலேஜ் ஒதுக்க வேண்டிய விஷயம்.

என்னுடையது நல்ல அனுபவம். சுவர்ச் சட்டம் தரையில் படுத்திருக்கிறது, 3600 மில்லிமீட்டருக்கு 2400. மூலை சரியா, அதாவது இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பார்க்க எல்லோரும் டேப்பைத் தேடினார்கள். நான் இடுப்பில் இருந்த நூலை ஒரு மூலையில் கட்டி எதிர் மூலைக்கு இழுத்து, சட்டத்தின் விளிம்பு படும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். அவிழ்த்து மற்ற இரண்டு மூலைக்கும் இழுத்தேன், முடிச்சு விளிம்புக்கு உள்ளே நின்றது. மேல் ப்ளேட்டை ஓரத்தில் லேசாகத் தட்டி, மறுபடி முதல் மூலைக்குப் போய் முடிச்சை மாற்றி, இரண்டு பக்கமும் விளிம்பிலேயே வந்து நிற்கிற வரைக்கும் தட்டினேன். ட்ரெய்னர் ஒரு வயதான ஐரிஷ்காரர், ஒன்றும் சொல்லாமல் டேப்பை எடுத்து இழுத்தார். 4327. குறுக்கே மாற்றி இழுத்தார். 4327. "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். அப்பா என்றேன். அப்பா எத்தனை வருஷமாக இந்த வேலை செய்கிறார், என்ன மரம், கூரைக்கு என்ன ஓடு என்று கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு எல்லோர் டேப்பையும் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அடுத்த சட்டத்தை நூலால் பார்க்கச் சொன்னார்.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சட்டத்தைத் தட்டும்போது நூலை அவிழ்த்துவிட்டுத் தட்டினாயா என்று.

வவுனியா பிள்ளை:
அண்ணா, ஒரு சந்தேகம். எங்கள் சைட்டில் இருக்கிறது நைலான் நூல், அது இழுபடாதா? இழுபட்டால் முடிச்சு தப்பாகக் காட்டுமே.

கும்பகோணம் பட்டறை:
இழுபடும் தங்கச்சி. அதனால்தான் இரண்டு குறுக்கையும் ஒரே ஆள், ஒரே இழுப்பில் பார்க்க வேண்டும், கை மாறினால் போச்சு. நூல் நனைந்திருந்தாலும் நம்பாதே. இதைவிட நீளமான சுவர் என்றால் நானும் டேப்தான் எடுப்பேன்.